வேலிக்கு வெளியே சாயப்பட்டறை மாமா

மார்ச் 2, திங்கள்

மின்னி கம்பெனி இந்த வருஷம் டயரி அச்சடிக்கவில்லை. இது போன வருஷத்து டயரி. கிழமையை அடித்து அடித்துத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு போன் கம்பெனி எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று தெரிய இதற்கு மேல் அறிக்கை எதுவும் வேண்டாம்.

காலையில் சென்னையிலிருந்து ரகோத்தமன் சார் பேசினார். விற்பனைக்கெல்லாம் தலைவர். எடுத்தவுடன் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அப்போதே தெரிந்துவிட்டது, ஏதோ வரப்போகிறது. மார்ச் 31-க்குள் கோயமுத்தூர் கிளை முந்நூறு போன்களைத் தொழில் நிறுவனங்களுக்கு விற்றாக வேண்டுமாம். இல்லாவிட்டால் கிளைக்குப் பூட்டு. எனக்குச் சென்னையில் ஒரு நாற்காலி, இருந்தால். அந்த 'இருந்தால்' மட்டும் ரொம்ப மெதுவாக வந்தது.

ஒரு காலத்தில் திருப்பூரில் மின்னி இல்லாத சட்டைப்பையே கிடையாது. பட்டன் வைத்த மின்னி. பார்க்காமலே விரலால் தடவி மெசேஜ் அடிப்பார்கள் முதலாளிமார். பிறகு கண்ணாடித் திரை வந்தது. நாங்கள் பட்டனையே கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், வாடிக்கையாளர்கள் மொத்தமும் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். இப்போது நாங்களும் கண்ணாடிதான். வாங்கத்தான் ஆள் இல்லை.

பன்னிரண்டு வருஷம் இந்தக் கிளையைக் கட்டி இழுத்திருக்கிறேன். இந்த வசுமதி இருக்கும்போது பூட்டு போட்டுவிடுவார்களா, பார்க்கிறேன்.

மார்ச் 4, புதன்

சென்னையிலிருந்து சாஃப்ட்வேர் ஆள் வந்து இறங்கினார். பிரான்சிஸ் தேவசகாயம். நாகர்கோவில்காரர். நாற்பது வயதிருக்கும். (நாற்பதுதான். விசாரித்தேன். வேலை விஷயமாக.) அரை நிமிடம் யோசிக்காமல் ஒரு வாக்கியம் பேச மாட்டார். டிபன் பாக்ஸைத் திறந்ததும் என்ன இருக்கிறது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறார், நேற்று வேறு யாரோ கட்டிக் கொடுத்த மாதிரி. ஆனால் ஹோட்டலில் தானே வாங்கியதுதான்.

அவர் ஆறு மாதம் உட்கார்ந்து செய்த சமாச்சாரத்தின் பெயர் அலுவல் வேலி. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வீட்டு அழைப்புகளை போனே வெளியே நிறுத்திவிடும், மணியே அடிக்காது. ஆபீஸ் அழைப்பு மட்டும் உள்ளே வரும். எது வீடு, எது ஆபீஸ் என்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. நாம் சேமித்து வைத்திருக்கும் பெயரைப் பார்த்து அதுவே பிரித்துக்கொள்ளும். சித்தி, மாமா, அண்ணன் என்று பெயரில் உறவு இருந்தால் வீடு. இல்லாவிட்டால் ஆபீஸ். வேலை நேரத்தில் தொந்தரவு இல்லாத போன் என்றால் தொழில் செய்கிறவர்கள் ஓடி வருவார்கள் என்று தலைமை அலுவலகத்தின் நம்பிக்கை.

எனக்கும் பிரமாதமாகத்தான் பட்டது. அவர் எண்ணை 'சாஃப்ட்வேர், ஹெட் ஆபீஸ்' என்று போட்டு வைத்துக்கொண்டேன்.

மார்ச் 6, வெள்ளி

திருப்பூர். பவளவாணி நிட்வேர்ஸ். பனியன் ஏற்றுமதி. பெயர்ப்பலகையில் முதலாளி சென்னியப்பன். உள்ளே போனால் முதலாளி அவர் மனைவி கோகிலவாணி. சென்னியப்பன் பேச மாட்டார், தலையை ஆட்டுவார். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று கோகிலவாணிதான் சொல்வார். நாற்பத்தைந்து வயது, கழுத்தில் அளவு டேப், கையில் எப்போதும் ஒரு துணித்துண்டு.

நாற்பது போன்களைப் பதினைந்து நாள் சும்மா கொடுக்கிறோம், வைத்துப் பாருங்கள் என்றோம். பிடித்தால் வாங்கட்டும். பிரான்சிஸ் வேலியைப் பற்றி விளக்கினார். நடுநடுவே அவர் மௌனமான இடங்களையெல்லாம் நான் நிரப்பினேன். சென்னியப்பன் தலையை ஆட்டினார். சரி என்கிறாராம். புதன்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து ஆரம்பிக்கலாம் என்றார் கோகிலவாணி.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டார் பிரான்சிஸ். சும்மா குறித்து வைக்கிறேன்.

மார்ச் 11, புதன்

ஐயோ. ஐயோ. ஐயோ.

காலை ஒன்பது மணிக்கு நாற்பது போனிலும் வேலி விழுந்தது. ஒன்பதரைக்கு பவளவாணி நிட்வேர்ஸ் என்ற கம்பெனி உலகத்திலிருந்தே துண்டிக்கப்பட்டது.

அந்தக் கம்பெனியில் சாயப்பட்டறை நடத்துகிறவர் 'சாயப்பட்டறை மாமா'. கோகிலவாணிக்கு நிஜமாகவே தாய்மாமன். லாரிக்காரர் 'லாரி மச்சான்'. அட்டைப்பெட்டி கொடுப்பவர் 'பெட்டி அண்ணன்', சொந்தமே இல்லை, ஆனால் இருபது வருஷமாக அண்ணன். பட்டன் தைக்கும் யூனிட் நடத்துவது 'காஜா பட்டன் சித்தி'. தைத்ததைச் சரிபார்க்கும் பிரிவுக்குத் தலைமை 'செக்கிங் பெரியம்மா'. கணக்கு பார்ப்பவர் 'சின்ன மாப்பிள்ளை'. நாற்பது போனில் மொத்த வியாபாரமும் உறவுப் பெயரில்தான் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் வேலி அத்தனை பேரையும் வீடு என்று முடிவுகட்டி வெளியே நிறுத்திவிட்டது.

உள்ளே வந்தது யார் தெரியுமா. லோன் வேண்டுமா சார், கிரெடிட் கார்டு வேண்டுமா சார், ஊட்டியில் மனை வேண்டுமா சார். அவர்களுக்குப் பெயரே இல்லை. ஆகவே அவர்கள் ஆபீஸ். காலை முழுவதும் நாற்பது போனும் ஊட்டி மனைக்காக அடித்துக்கொண்டே இருந்தன.

சாயப்பட்டறை மாமா இரண்டு நீலத்தில் மாதிரி போட்டு வைத்துக்கொண்டு எது வேண்டும் என்று கேட்க இருபத்தாறு முறை கூப்பிட்டிருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. மனிதர் கடைசியில் தானே முடிவெடுத்து கருநீலத்தில் துணியை இறக்கிவிட்டார். வேண்டியது வெளிர் நீலம். மதியம் ஒரு மணிக்கு மொபெட்டில் அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். என்ன சொன்னார் என்பதை டயரியில் எழுத முடியாது. பிரான்சிஸுக்குப் பாதி புரியவில்லை. நல்லது.

கோகிலவாணி கோபப்படவே இல்லை. அதுதான் இன்னும் மோசம். துணியைத் தடவிப் பார்த்தார், வேறொரு குளிர்கால ஆர்டருக்குத் தள்ளச் சொன்னார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, எங்க ஆளுகள எல்லாம் வெளிய நிறுத்திப்போட்டு, ஊர் பேர் தெரியாதவனுகள உள்ளார உட்டுருக்குதே உங்க போனு. இதுக்கு ஒரு போனு வேற வேணுமுங்களா?"

பன்னிரண்டு வருஷம் இந்த ஊரைச் சுற்றியவள் நான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா. என் போனிலேயே 'கூரியர் அண்ணா' இருக்கிறார்.

பஸ்ஸில் ஏறியதும் பிரான்சிஸ் மேல் பாய்ந்தேன். ஆறு மாதத்தில் ஒருநாளாவது ஒரு கம்பெனிக்குள் போய் உட்கார்ந்து பார்த்தீர்களா, இந்த வேலியைத் தலைகீழாகக் கொண்டுபோய்ப் போடுங்கள் என்று கத்திவிட்டேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பிரான்சிஸ் ஒன்றும் பேசவில்லை. அவினாசி தாண்டியது. பேசவில்லை. அதிகமாகப் போய்விட்டோமோ என்று எனக்கு உறுத்த ஆரம்பித்தது. கருமத்தம்பட்டி வந்தபோது பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தை என்னிடம் நீட்டினார். பொடிப்பொடியாக என்னமோ எழுதியிருந்தார்.

"தலைகீழாப் போட்டா செரியா வரும் மேடம். உள்ளதுதான் சொன்னீங்க. உறவுன்னு பேர் இருந்தா உள்ள. பேரில்லாதவன் வெளிய நிக்கட்டும்."

நான் அந்த டிக்கெட்டைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. இருவரும் சூலூர்ப் பிரிவு வரை சிரித்தோம்.

மார்ச் 12, வியாழன்

தனியாகத் திருப்பூர் போய் கோகிலவாணி காலில் விழாத குறையாகக் கேட்டேன். பதினைந்து நாளில் இன்னும் மீதி இருக்கிறது, மாற்றிக் கொடுக்கிறோம் என்றேன். இன்னொரு தடவை மாமா மொபெட்டை எடுத்துக்கொண்டு வரும்படி ஆனால் நாற்பது போனும் நொய்யல் ஆற்றில் கிடக்கும் என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 13, வெள்ளி

ரகோத்தமன் சாருடன் வீடியோ கூட்டம். தலைகீழ் வேலியைச் சொன்னதும் அவருக்கு முகம் கோணிவிட்டது. மாமா, சித்தி, பெரியம்மா என்றால் இது தொழில் போனா கல்யாணப் பத்திரிகையா என்றார். உலகத் தரம் என்றார். வீட்டையும் வேலையையும் பிரிப்பதுதான் நாகரிகம் என்றார். பிரான்சிஸ் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் மாதமே முடிந்துவிடும் என்று நான் வாயைத் திறந்தேன்.

"சார், டை கட்டிக்கிட்டு, சொந்தக்காரங்களே இல்லாம, தனியா ஒரு ரூம்ல உக்காந்திருக்கிற ஆளுக்குத்தான் நாம மூணு வருஷமா போன் செஞ்சிட்டிருக்கோம். அந்த ஆளை நான் இந்த ஜில்லாவுல ஒருநாள்கூடப் பார்த்ததில்ல சார்."

 31-ஆம் தேதி என்றால் 31-தான், அதற்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று ரகோத்தமன் சார் கைகழுவினார். கூட்டம் முடிந்ததும் பிரான்சிஸ் எனக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தார். சர்க்கரை கம்மி. நான் சர்க்கரை கம்மியாகக் குடிப்பதை யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 16, திங்கள்

பிரான்சிஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பவளவாணியிலேயே குடியேறிவிட்டார். துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மாற்றி எழுதுகிறார். அவர் திருப்பூர் போகிறார் என்றால் கூட யாராவது போக வேண்டாமா. நானும் போனேன்.

கோகிலவாணி அவரை மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்து வரிசையாக விசாரித்தார். எத்தனை பேர் பிறந்தீர்கள், அப்பா என்ன செய்தார், கல்யாணம் ஏன் ஆகவில்லை. தங்கைகளுக்கு முடித்துவிட்டு நிமிர்ந்தபோது நேரம் போய்விட்டது, அமையவில்லை என்றார். நான் அப்போது தள்ளி நின்று லேபிள் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 17, செவ்வாய்

புதுச் சேலை எடுத்தேன். தள்ளுபடி போட்டிருந்தார்கள்.

மார்ச் 18, புதன்

தள்ளுபடி போடவில்லை.

மார்ச் 20, வெள்ளி

தலைகீழ் வேலி நாற்பது போனிலும் ஏறியது. சாயப்பட்டறை மாமா முதல் ஆளாகக் கூப்பிட்டார், முதல் மணியிலேயே எடுத்தார்கள். பயந்துபோய் அவரே வைத்துவிட்டாராம். வெளியே நிறுத்திய அழைப்புகள் போய் விழும் காத்திருப்போர் பட்டியலில் ஊட்டி மனைக்காரர் சத்தமில்லாமல் ஒன்பதாவது முறையாக நிற்கிறார். செக்கிங் பிரிவில் அந்தப் பட்டியலைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.

ஒரே ஒரு வில்லங்கம். சென்னியப்பனுக்குத் தம்பி ஒருவர். நிலத்தகராறில் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. வக்கீல் சொல்லி எப்போதாவது கூப்பிடுவார், இவர் எடுப்பதில்லை. ஆனால் பெயர் இன்னும் 'சின்னத்தம்பி' என்றே இருந்திருக்கிறது. போன் அவரை ராஜ மரியாதையோடு உள்ளே விட்டுவிட்டது. சென்னியப்பன் பழக்க தோஷத்தில் எடுத்து அலோ என்றார். அந்தப் பக்கமும் அலோ. இருவரும் ஒரே நேரத்தில் வைத்துவிட்டார்கள். கோகிலவாணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். பெயரை மட்டும் நம்பினால் போதாது, உறவுக்குள்ளும் யார் முதலில், யார் பிறகு என்று அவரவரே வரிசை வைத்துக்கொள்ள வழி வேண்டும் என்றார். பிரான்சிஸ் சாயங்காலத்துக்குள் அதையும் செய்துவிட்டார்.

அவர் வேலை செய்யும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறார். இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

இன்னும் ஒரு போன்கூட விற்கவில்லை. ஒரு வாரம். அம்மா, நீ ஏன் தனியாகச் சிரிக்கிறாய் என்று கேட்டாள். பயத்தில் என்றேன்.

மார்ச் 26, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

பவளவாணியின் பெரிய கன்டெய்னர் நாலு மணிக்குத் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். சென்னியப்பனும் கோகிலவாணியும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஏஜெண்டோடு மாடியில் பேச்சுவார்த்தையில். நானும் பிரான்சிஸும் வராந்தாவில். மூன்றரை மணிக்கு உள்ளே சென்னியப்பனின் போன் அடித்தது. கோகிலவாணியுடையதும் அடித்தது. செக்கிங் பெரியம்மா. ஏஜெண்ட் முகம் சுளித்தார். கோகிலவாணி எடுத்தார், கேட்டார், நாற்காலி பின்னால் விழ எழுந்து படியிறங்கி ஓடினார்.

மீடியம் சைஸ் பெட்டிகளில் லார்ஜ் ஸ்டிக்கர். லார்ஜ் பெட்டிகளில் மீடியம். சந்தேகத்துக்கு ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்த பெரியம்மாதான் கண்டுபிடித்தார். கன்டெய்னர் கதவைச் சாத்தி சீல் வைக்க ஆள் வந்தாயிற்று. லாரி மச்சானுக்கும் அதே நிமிடம் போன் போய், அவர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். எல்லாரும் சேர்ந்து ஸ்டிக்கரை மாற்றினோம். நான், பிரான்சிஸ், ஏஜெண்ட்கூட. இரண்டு மணி நேரம் தாமதமாக, சரியாகக் கிளம்பியது வண்டி.

அந்த அரை மணியில் சென்னியப்பன் போனுக்கு வந்த மற்ற அழைப்புகள் ஏழு. ஏழும் வெளியே நின்றன. அவர் பட்டியலைப் பார்த்தார், போனைத் திருப்பிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"இந்தப் போனு இங்கயே இருக்கட்டும்."

முழு வாக்கியம். கோகிலவாணியே திகைத்துப்போய்விட்டார்.

மார்ச் 28, சனி

முந்நூற்று அறுபத்தைந்து.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி எழுதுகிறேன். முந்நூற்று அறுபத்தைந்து. பவளவாணிக்கு நூற்று நாற்பது. கோகிலவாணி அங்கேயே உட்கார்ந்து தங்கை வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டார். அவர் கம்பெனிக்குத் தொண்ணூறு. நாத்தனார் வீட்டு மில்லுக்கு நூற்று இருபது. நான் பன்னிரண்டு வருஷமாக விளம்பர அட்டை வைத்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறியதை அவர் இரண்டு அழைப்பில் முடித்துவிட்டார். கடைசியில் சாயப்பட்டறை மாமா, என்னை அன்றைக்குத் திட்டிய அதே வாயால், பட்டறைக்குப் பதினைந்து கேட்டார். அதிலும் கருநீல உறைதான் வேண்டுமாம்.

என் போனிலும் தலைகீழ் வேலியைப் போட்டுக்கொண்டேன். எங்கள் சரக்கை நானே வைத்துக்கொள்ளாவிட்டால் எப்படி.

மார்ச் 29, ஞாயிறு

பிரான்சிஸ் பிற்பகல் ரயிலில் சென்னைக்குக் கிளம்பினார். ஸ்டேஷனுக்குப் போனேன், கிளையின் சார்பில். ரயில் நகரும்போது என்னமோ சொல்ல வாயெடுத்தார். அரை நிமிடம் யோசித்தார். ரயில் யோசிக்கவில்லை.

மார்ச் 30, திங்கள்

வெயில் அதிகம்.

மார்ச் 31, செவ்வாய்

காலை பதினொன்றுக்கு ரகோத்தமன் சார் ஆபீஸ் தரைவழி போனில் கூப்பிட்டார். செல்லுக்குக் கூப்பிட்டால் ஏன் எடுப்பதில்லை என்று முதலில் ஒரு பாட்டு. பிறகு சொன்னார், கிளை மூடப்படவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு குதி குதித்தேன். இனி தொழில் போன் என்றால் கோயமுத்தூரில் கேட்டுத்தான் செய்வதாம். இங்கேயே தங்கி வாடிக்கையாளரோடு உட்கார சாஃப்ட்வேர் ஆள் ஒருவரை அனுப்பப் போகிறார்கள். விருப்பம் உள்ளவர்கள் இன்று மாலை ஐந்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும். யாராவது முன்வருவார்களா பார்க்கலாம் என்றார்.

நாள் முழுக்க என் போன் ஓயவில்லை. கோகிலா அக்கா, பெட்டி அண்ணன், காஜா பட்டன் சித்தி, அம்மா. எல்லாருக்கும் கிளை பிழைத்த சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒருவர் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, அவருக்கென்ன, வேலை முடிந்தது, போய்விட்டார், நமக்கு எதற்கு என்று மேசையைத் துடைத்தேன். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன். அழுகை வந்தது. எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

நாலு முப்பத்தைந்துக்கு மறுபடி கோகிலவாணி.

"அம்மிணி, உங்களுக்கு என்னதான் ஆச்சுங்க. அந்த நாரோயில்காரரு காத்தால இருந்து உங்களக் கூப்புட்டு, எடுக்கலீன்னு இப்ப எனக்குக் கூப்புட்டுச் சொல்றாரு. அஞ்சு மணிக்குள்ள பேரு குடுக்கோணுமாமா. உங்களுக்குச் சம்மதமில்லீன்னா குடுக்க மாட்டாராமா."

காத்திருப்போர் பட்டியலைத் திறந்தேன். இரண்டு நாளாக நான் திறந்தே பார்க்கவில்லை. லோன்காரர், மனைக்காரர், ரகோத்தமன் சார், நடுவில் பதினாலு முறை 'சாஃப்ட்வேர், ஹெட் ஆபீஸ்'. பெயரில் உறவு இல்லை. ஆகவே வெளியே. அவர் எழுதிய வேலி அவரையே வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது, அதுவும் நான் வைத்த பெயரால்.

உடனே நானே கூப்பிட்டிருக்கலாம். தோன்றத்தான் செய்தது. ஆனால் முதலில் பெயரைத்தான் மாற்றினேன். 'பிரான்சிஸ் சார்' என்று போட்டேன், அது வேலிக்குள் வராது. 'அண்ணா' என்று பாதி அடித்தேன். ச்சே, கை கூசிவிட்டது, அழித்தேன். பிறகு வேறொன்று அடித்தேன். முகமெல்லாம் சூடாகிவிட்டது, ஆபீஸில் வேறு யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

போன் அடித்தது. திரையில் அந்தப் பெயர். நாலு நாற்பத்தேழு.

"மேடம், நான் அங்க வரட்டா? வேண்டாம்னா சொல்லிரணும். ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

இந்த ஒரு தடவை அவர் அரை நிமிடம் யோசிக்கவில்லை. யோசித்தது நான்தான்.

"செவ்வாக்கெழமை ராகு காலம் நாலரைக்கே முடிஞ்சிருச்சுங்க," என்றேன். "வாங்க."

 அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், நேரம் போய்க்கொண்டிருக்கிறது, முதலில் போய்ப் பெயரைக் கொடுங்கள் என்று விரட்டினேன். ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கொடுத்துவிட்டாராம். அடுத்த திங்கட்கிழமை வருகிறார். அம்மாவிடம் நாளைக் காலையில் காபி குடித்தபின் சொல்வேன்.

அவர் எண்ணை என்ன பெயரில் போட்டிருக்கிறேன் என்று இங்கே எழுத மாட்டேன். நான் வெளியே போனதும் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இந்த டயரியைத் தேடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு எழுத்து. அவ்வளவுதான் சொல்வேன்.